செம்பு ஏறிய அரிவாள்

திருப்பதி
ஆடி 28

ஒற்றை ஆளாய் என் எதிரே அமர்ந்திருக்கும் அவையே, என் உடன்பிறந்த நாகேந்திரா, கேள்.

உன் தக்காளித் தோட்டம் கருகிவிட்டது. மழைக்கால இலைப்புள்ளி நோய்க்கு மருந்தடிக்கப் போய், அம்மருந்தே இலைகளின் ஓரங்களைத் தின்றுவிட்டது. உன் இல்லாள் சிவசங்கரி இதை என் கணவரான உன் மாமாவிடம் தொலைபேசியில் சொன்னாள். அவர் என்னிடம் சொன்னார். நான் எவரிடமும் சொல்ல முடியாமல் நின்றேன். தொண்டையில் கத்தி வைத்த மருத்துவர், ஐப்பசி பிறக்கும்வரை வாய் திறக்கலாகாது என்று ஆணையிட்டிருப்பதை நீ அறிவாய். சிறீசிட்டித் தொழிற்சாலை வாயில்களில் ஒலிபெருக்கி இல்லாமலே தொழிலாளர்க்காக முழங்கிய உன் அக்காள், இன்று காப்பி வேண்டுமென்றால் குவளையைத் தட்டுகிறாள். கைப்பேசியில் கட்டைவிரலால் தமிழைக் குத்துவது எனக்கு ஒவ்வாது. ஆகவே மையும் தாளும் எடுத்தேன்.

நம் குலத்தில் நிலம் என்று எவரும் ஒன்றை வைத்திருந்ததில்லை. பிறர் வயலில் நாற்று நட்ட கைகள் முதன்முதலாக வாங்கிய நிலம் அது. அதில் கருகிய ஒவ்வோர் இலைக்கும் நான் விளக்கம் கேட்பேன்.

நீ அடித்தது என்ன? செம்பு உப்பாகிய மயில்துத்தமும் சுண்ணாம்பும் தண்ணீரில் கலந்த நீலப்பால். சுண்ணாம்பு நான் அனுப்பியது. அதில் குற்றம் நுழைய வழியில்லை. துத்தம் பலமனேர் உரக்கடை ரங்கையா என்பவன் விற்றது. ஆகவே குற்றவாளி யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. விலை மலிந்த இரும்பு உப்பாகிய அன்னபேதியைத் துத்தத்தோடு கலந்திருக்கிறான். ஐப்பசி பத்தாம் நாள் பலமனேரில் நடக்கும் உழவர் கூட்டத்தில் என் குரல் திரும்பும். திரும்பியதும் உரைக்கும் முதல் பெயர் அவனுடையதாக இருக்கும். அதற்குமுன் அவன் கடையை மூடக் கோரி வேளாண் அலுவலருக்கு முறையீடு எழுதுவேன்.

சிவசங்கரியின் முழங்கால் வலி எப்படி? நீ வேளைக்கு உண்கிறாயா? உடனே எழுது.

உன் அக்காள்
அலர்மேல்மங்கை


பலமனேர்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி நாகேந்திரன் எழுதுவது. இங்கே நானும் சிவசங்கரியும் நலம். அவள் முழங்கால் பரவாயில்லை. உங்கள் தொண்டைக்கு வெந்நீர் குடிக்கிறீர்களா, மாமா வேலைக்குப் போனபின் தனியாகப் பேசிப் பார்க்கிறீர்களா என்று அவள் கேட்கச் சொன்னாள். இரண்டாவதைச் செய்ய வேண்டாம்.

தோட்டம் முழுக்கக் கருகவில்லை அக்கா. மேற்குப் பக்கத்து வரிசைகளில் இலையோரம் பழுப்பாகிச் சுருண்டிருக்கிறது. நடுக்குருத்து பச்சையாகத்தான் இருக்கிறது. செடி பிழைத்துக்கொள்ளும்.

ரங்கையா அண்ணனைப் பற்றி அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊருக்கு நான் வந்த புதிதில் தெலுங்கு சரியாக வராமல் மார்க்கெட்டில் விழித்துக்கொண்டு நின்றபோது, எனக்காகப் பேசியவர் அவர்தான்.

ஒரு சின்ன சந்தேகம். நீங்கள் அனுப்பிய சுண்ணாம்பு மாவு மாதிரி அவ்வளவு மென்மையாக, அவ்வளவு வெண்மையாக இருந்ததே. கடையில் நாங்கள் வாங்குவது கட்டியும் கல்லுமாக இருக்கும். அதை எப்படிப் பக்குவம் செய்தீர்கள்?

மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

நாகேந்திரன்


திருப்பதி
ஆவணி 9

நன்றாகக் கேட்டாய் தம்பி. கேட்கத் தெரிந்தவனுக்கே விடை சொல்லும் மகிழ்ச்சியை நான் பெறுகிறேன்.

வைகாசி வெயிலைத் தாங்க மாட்டாமல் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு பூசினோம் அல்லவா? சூளையில் சுட்ட கற்களாக வாங்கி வந்தார் உன் மாமா. தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் அது அடுப்பில்லாமலே கொதித்தது. தெறித்ததில் அவர் மீசை பாதி வெந்தது. மீந்த மூட்டை மாடிப்படியின் கீழ்க் கிடந்தது. அதில் தூசியும் கரித்துண்டும் இருந்தன. என் தம்பியின் வயலுக்கு அழுக்கை அனுப்புவதா? கற்களை உடைத்தேன், இடித்தேன், மாவு சலிக்கும் சல்லடையில் சலித்தேன். பிறகு ஈரம் ஒட்டாதிருக்க, மாடியில் வேட்டியை விரித்து அதன்மேல் மெல்லப் பரப்பி, ஆனி மாதம் முழுவதும் காற்றாடக் காயவைத்தேன். காலையில் விரிப்பேன், மாலையில் வாரிக் கட்டுவேன். உன் மாமா இதைக் கண்டு நகைத்தார்.

“இன்னா, சுண்ணாம்புல வடாம் போட்டுக்கினு கீறியா?” என்றார்.

நகைக்கட்டும். பாலினும் வெளுத்த பொடியாக அதைத் துணிமூட்டையில் கட்டி உனக்கு அனுப்பினேன். இத்துணைத் தூய்மையான பொருளோடு கலந்தும் இலை கருகியதென்றால், கலந்த மற்றொன்றின் தீமை எத்துணைப் பெரியது என்று எண்ணிப் பார்.

முறையீட்டின் முதற்படியை எழுதிவிட்டேன். சான்று வேண்டும். அந்தத் துத்தத்தில் ஒரு பிடி அனுப்பு. சிறீசிட்டியில் உன் மாமா வேலை செய்வது செம்பு முலாம் பூசும் பகுதியில். அங்கே தொட்டி தொட்டியாய் இதே நீலக்கரைசல்தான். அதை ஆய்ந்து பார்க்கும் அறையும் அங்குண்டு.

வெந்நீர் குடிக்கிறேன். தனியே பேசிப் பார்க்கவில்லை. ஒரே ஒருமுறை காக்கையை விரட்டினேன். சிவசங்கரியை நலம் கேட்டதாகச் சொல்.

அலர்மேல்மங்கை


பலமனேர்
செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை விட்டதும் களை வந்துவிட்டது, அந்த வேலைதான். நாங்கள் நலம். நீங்களும் மாமாவும் நலமென்று நம்புகிறேன்.

உங்கள் முறையீட்டுச் செய்தி உங்கள் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. மாமாவோடு சிறீசிட்டிக்குப் பஸ்ஸில் போகிற பெண்கள் மூலமாக என்று நினைக்கிறேன்; அவர்களில் இந்த ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். போன வாரம் கடைக்குப் போனேன். ரங்கையா அண்ணன் தராசைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“இன்னாபா நாகேந்திரா, உங்க அக்கா எம்மேல கேசு போடப் போவுதாமே? போடட்டும். இங்க குந்திக்கினு ஈ ஓட்றதுக்கு, சித்தூரு கோர்ட்டுக்காவது போயி வர்லாம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். மறுநாள் தானாகவே தோட்டத்துக்கு வந்தார். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீதியிருந்த துத்தத்தையும் சுண்ணாம்பையும் கொண்டுவரச் சொல்லி, அன்று நான் கலந்த அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கலந்தார். வரப்பில் கிடந்த அரிவாளை மண்போகத் தேய்த்து அதில் தோய்த்தார். கலவை சரியா என்று பார்க்க இங்கே எல்லாரும் செய்வதுதான் அது. அன்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால் நான் செய்யாமல் விட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அரிவாளை எடுத்தார். பார்த்தோம். பிறகு சிவசங்கரி காப்பி கொண்டுவந்தாள். குடித்தோம்.

கத்தரிக்கு இந்த வருடம் நல்ல விலை போகிறது. தக்காளியில் புதுத் தளிர் வந்திருக்கிறது.

துத்தம் அனுப்பத்தான் வேண்டுமா அக்கா? செடி பிழைத்துவிட்டதே.

நாகேந்திரன்


திருப்பதி
ஆவணி 28

நாகேந்திரா, உன் கடிதத்தை இருமுறை படித்தேன். உன்னைத் தொட்டிலிலிருந்தே அறிவேன். சொல்ல விரும்பாததை நெருங்கும்போது நீ கத்தரிக்காய்க்குத் தாவுவாய்.

அரிவாள் என்ன காட்டியது?

அந்தத் தேர்வின் பொருள் எனக்குத் தெரியும். சுண்ணாம்பு போதிய அளவு சேர்ந்திருந்தால் துத்தத்திலுள்ள செம்பு முழுவதையும் அது கட்டிப்போடும். இரும்பு வெளுப்பாகவே மீளும். சுண்ணாம்பின் வலிமை குறைந்தால், கட்டுப்படாத செம்பு இரும்பின்மேல் செந்நிறமாக ஏறும். இலையைச் சுடுவதும் அவ்வாறு தனித்து நிற்கும் செம்புதான். உன் மாமா நாள் முழுதும் மின்னாற்றலைப் பாய்ச்சிச் செய்யும் முலாம் வேலையை, வரப்பில் கிடக்கும் அரிவாள் தானே செய்துவிடும் என்று அவர் எனக்கு விளக்கியிருக்கிறார்.

நான் அனுப்பிய சுண்ணாம்பை நீ குறைத்தா போட்டிருப்பாய்? இல்லை. ஆகவே அரிவாள் சிவந்திருக்காது. தன் துத்தத்திலேயே பழுது என்பது வெளிப்பட்டதும் ரங்கையா காப்பியைக் குடித்துவிட்டு நழுவியிருக்கிறான். இதைத்தான் நீ எழுதக் கூசுகிறாய். நன்றி மறவாத உன் பண்பைப் போற்றுகிறேன். ஆயினும் நன்றி வேறு, நேர்மை வேறு.

துத்தத்தை அனுப்பு. அனுப்பாவிட்டால் அது இல்லாமலே முறையீடு போகும்.

எனக்கு நலமே. பேசாதிருப்பதில் ஒரு நன்மையும் கண்டேன். எங்கள் தெருவில் இத்தனை பறவைகள் இருப்பது இதுவரை எனக்குத் தெரியாது; என் குரலுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தன போலும்.

அலர்மேல்மங்கை


பலமனேர்
செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணிக்கு, சிவசங்கரி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். அண்ணனுக்கும் என் வணக்கம்.

நீங்கள் கேட்ட துத்தத்தை அனுப்பியிருக்கிறேன். இவருக்குத் தெரியாமல் அனுப்பவில்லை. “இன்னா வெச்சிக் கட்டிக்கினு கீற?” என்று கேட்டார். சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பார்சலில் இரண்டு பொட்டலம் இருக்கும். நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. நீங்கள் நீலத்தை மட்டும்தான் கேட்டீர்கள். வெள்ளையும் கூட இருக்கட்டுமே என்று வைத்தேன்.

நகரியில் என் அண்ணன் சாயப்பட்டறை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் நூலில் சாயம் போகாமல் நிற்க மயில்துத்தம் போடுவார்கள். சிறு வயதில் நான் அங்கேதான் விளையாடுவேன். எந்தப் பொடியையும் திறந்து வைத்தால் அண்ணன் தலையில் குட்டுவார். காற்று பட்டாலே சில பொருள் வேறு பொருளாகிவிடும் என்பார். சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கியிருக்கிறோம். உங்கள் குரல் சீக்கிரம் வரவேண்டும். நீங்கள் திட்டாத வருடம் வருடம் மாதிரியே இல்லை.

சிவசங்கரி


பலமனேர்
அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். இங்கே எல்லாரும் நலம். பார்சல் வந்ததா? வந்திருந்தால், முறையீட்டை ஒரு வாரம் மட்டும் தள்ளி வையுங்கள். காரணம் கேட்க வேண்டாம். தக்காளி பூ வைத்துவிட்டது. ரங்கையா அண்ணன் உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். போன வாரமும் விசாரித்தார்.

நாகேந்திரன்


திருப்பதி
புரட்டாசி 20

நாகேந்திரா, முறையீடு போகவில்லை. உறையில் இட்டு முகவரியும் எழுதி வைத்திருந்தேன். அது இப்போது அடுப்பங்கரையில் எலுமிச்சைச் சாறு பட்டுக் கிடக்கிறது. நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

உன் மாமா நீலப்பொட்டலத்தைத் தொழிற்சாலை ஆய்வறைக்குக் கொண்டுபோனார். மாலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

“துத்தம் சுத்தம். எங்க தொட்டியிலயே கொட்லாம். அன்னபேதி ஒரு பொட்டு இல்ல.”

மறுபடியும் ஆய்ந்து பார்க்கும்படி சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

“இன்னும் எத்தினி வாட்டி? லேப்ல இருக்கற பொண்ணு கேக்குது, உங்க மச்சான் தோட்டத்துல தக்காளி வெளையுதா, துத்தம் வெளையுதான்னு.”

துத்தம் தூயது. இலை கருகியது. இரண்டும் உண்மை. அப்படியானால் எஞ்சி நிற்பது எது? வெள்ளைப் பொட்டலத்தைச் சிவசங்கரி ஏன் வைத்தாள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பொடியைக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். வைகாசியில் தொட்டியைக் கொதிக்க வைத்து மீசையைச் சுட்ட அதே சுண்ணாம்பு, நனைந்த மாவைப் போல் அசையாமல் கிடந்தது. விரலை வைத்தேன், குளிர்ந்திருந்தது. உன் மாமா ஓர் எலுமிச்சையை அரிந்து, இன்னொரு சிட்டிகைப் பொடிமேல் பிழிந்தார். அது நுரைத்துப் பொங்கியது.

தெரிகிறதா தம்பி? சுண்ணாம்புக்கல்லில் கரியமிலவாயு எனும் ஒரு வளி அடைந்திருக்கிறது. சூளைத் தீ அதை விரட்டினால்தான் கல் வலிமை பெறும். நீரில் கொதிக்கும், செம்பைக் கட்டும், கரும்பாலையில் சாற்றைத் தெளியவைக்கும், தோல் பதனிடும் தொட்டியில் மயிரை உதிர்க்கும். அவ்வாறு விரட்டப்பட்ட வளி நம்மைச் சுற்றியுள்ள காற்றிலேயே காத்து நிற்கிறது. சூளைக்காரன் விறகெரித்து விரட்டியதை, நான் வேட்டியை விரித்து நாள்தோறும் திரும்ப அழைத்தேன். நான் இடிக்க இடிக்க, சலிக்கச் சலிக்க, பரப்பப் பரப்ப, அது வெளுத்துக்கொண்டே வந்தது, செத்துக்கொண்டே வந்தது. உனக்கு நான் அனுப்பியதில் பெரும்பகுதி வெறும் கல்மாவு.

“மேடையில கூவறத வுட்டுட்டு மாடியில சோடாக் கடை போட்டிருக்கலாம் நீ,” என்றார் உன் மாமா, பொங்கும் நுரையைப் பார்த்தபடி.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. துருப்பிடித்த கதவைத் திறந்தாற்போல் ஓர் ஒலி வந்தது. இருவரும் அஞ்சிப்போய் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மறுநாள் மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, புண் ஆறிவிட்டது, சிரிப்பால் கேடில்லை என்றார்.

இப்போது சொல். அரிவாள் சிவந்திருந்தது. நீ கண்டாய். ரங்கையாவும் கண்டார். கண்டபின்னும் என்னை அவர்மேல் கல்லெறிய விட்டது ஏன்? என்னை அவ்வளவு சிறியவளாகவா எண்ணினாய்? இதற்கு விடை எழுதும்போது கத்தரிக்காய் வேண்டாம்.

உங்கள் இருவர் நலமும் வேண்டும்
அலர்மேல்மங்கை


பலமனேர்
அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் சிரிப்புச் செய்தியைப் படித்ததும் சிவசங்கரி அழுதுவிட்டாள். அழுகையோடு தோசை வார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் நலம்.

அரிவாள் சிவந்திருந்தது அக்கா. நுனியிலிருந்து பிடிவரை, புதுச் செம்புக் குடம் போல. அதைப் பார்த்ததும் உங்களுக்கு எழுதிவிடுகிறேன் என்று நான்தான் முதலில் சொன்னேன். ரங்கையா அண்ணன் அரிவாளைப் புல்லில் துடைத்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஒத்துரா, வேணாம். வாயே உசுரா இருந்த மனுசி. வாயக் கட்டி வூட்ல குந்த வெச்சிருக்காங்க. இப்பப் போயி, நீ ஆசையா அனுப்புனதுதான் செடியச் சுட்டுச்சுன்னு சொல்லுவியா? என்னத் திட்டிக்கினு இருந்தா அதுக்கு ஒரு வேலையா இருக்கும், தெம்பா இருக்கும். தொண்ட ஆறட்டும், சொல்லிக்கலாம்.”

கடைக்குக் கெட்ட பெயர் வருமே என்றேன்.

“வந்தா வர்ட்டும். பத்தாம் தேதி மேடைல ஏறுறதுக்குள்ள சொன்னாப் போதும். ஏறிட்டாத்தான் உங்க அக்காவ எறக்க முடியாதாமே.”

இதுதான் நடந்தது. உங்களைச் சிறியவளாக எண்ணவில்லை. வேட்டியை விரித்து ஒரு மாதம் காயவைத்தேன் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபின் எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். ஆனால் கடையில் சிலர் துத்தம் வாங்காமல் திரும்பிப் போனதை நானும் பார்த்தேன். “அதெல்லாம் வருவாங்க போவாங்க,” என்றார் அவர்.

இப்போது மூடி இறுக்கமான டின்னில் புதுச் சுண்ணாம்பு கொடுத்திருக்கிறார். தண்ணீர் ஊற்றினால் சத்தம் போடுகிறது. அரிவாள் வெளுப்பாக வருகிறது. தக்காளி காய் பிடித்திருக்கிறது, மேற்கு வரிசையிலும்தான். தீபாவளிக்கு ஒரு கூடை கத்தரி கொண்டுவருகிறேன். மாமாவுக்கு வணக்கம்.

நாகேந்திரன்


திருப்பதி
ஐப்பசி 6

என் உடன்பிறப்பே, என் அவையே,

நீ தீபாவளிக்குக் கொண்டுவந்த கூடையில் இன்னும் பாதி மீந்திருக்கிறது. அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். நேற்று மருத்துவர் என் வாய்ப்பூட்டை அவிழ்த்துவிட்டார். முதற்சொல்லாக எதைச் சொல்வது என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். வீட்டு வாயிலில் உன் மாமா சாவியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார்; “சட்டைப்பையில் பாருங்கள்” என்பதே என் முதலுரை ஆயிற்று. குரல் சற்றுக் கரகரக்கிறது. முன்னிலும் ஆழமாக இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் மேடைதோறும் கேட்டு வந்த ஒரு கேள்வி உண்டு. எளியவன்மேல் பழி விழும்போது வலியவன் ஏன் வாய் திறப்பதில்லை? பலமனேர்க் கடைத்தெருவில் ஒருவர் தம்மேல் விழுந்த பழியைத் துடைக்கச் சான்றைக் கையிலேயே வைத்திருந்தார். ஒரு சிவந்த அரிவாள் போதும். அதைப் புல்லில் துடைத்துப் போட்டுவிட்டு, வாய் கட்டப்பட்ட ஒருத்தி வைவதற்குத் தம் பெயரைக் கொடுத்தார். நான் மூன்று திங்கள் பேசாதிருந்தேன், மருத்துவர் ஆணையால். அவர் பேசாதிருந்தார், எவர் ஆணையும் இல்லாமல். இதைப் போற்ற என்னிடம் சொல் குறைவு. ஆகையால் செயல் கேட்கிறேன்.

முறையீட்டைப் பற்றிப் பேருந்தில் பரப்பிய பெண்கள் ஒவ்வொருவரிடமும் இன்று காலையே உண்மையைச் சொல்லிவிட்டேன், இந்தக் கரகரத்த குரலிலேயே. ஆயினும் பழி பிறந்தது உங்கள் ஊரில். அதை அங்கேதான் புதைக்க வேண்டும். பத்தாம் நாள் கூட்டத்தில் நான் பேசப்போவது பத்து நிமிடம். எஞ்சிய நேரம் முழுவதும் இரண்டு வாளிகள் பேசும்: ஒன்றில் என் சுண்ணாம்பு, ஒன்றில் அவருடையது, இரண்டிலும் அவர் கடைத் துத்தம். உழவர் அனைவரும் காண அரிவாளை நானே தோய்ப்பேன். சிவக்கும்போது, சிவந்தது எவளால் என்று நானே சொல்வேன். கருகிய இலைகளையும் காட்டுவேன். சுண்ணாம்பை வாங்கிய அன்றே மூடி வையுங்கள், அரிவாள் சொல்லாமல் ஒரு சொட்டும் செடியில் விழவேண்டாம் என்பேன். அதைவிட நல்ல சொற்பொழிவு எனக்குத் தெரியாது.

சிவசங்கரியிடம் சொல்: வெள்ளைப் பொட்டலத்துக்கு நன்றி. அவள் முழங்காலுக்கு மேடைப்படி ஏற வேண்டாம். முதல் வரிசையில் அமரட்டும்.

நாகேந்திரா, எழு. என் சுண்ணாம்பின் எஞ்சிய மூட்டையைத் தோளில் ஏற்று. அரிவாளைத் தேய்த்து எடுத்துக்கொள். நேராக ரங்கையா அண்ணன் கடைக்கு நட. மேடையில் நடு நாற்காலி அவருடையது என்று சொல். வேலை இருக்கிறது என்பார், கேளாதே. கூச்சமாக இருக்கிறது என்பார், விடாதே. வரவே மாட்டேன் என்றால் வாளிகளை அவர் கடை வாயிலிலேயே வை, கூட்டத்தை அங்கே கூட்டுவோம். இந்தத் தாளை மடித்துக்கொண்டு நிற்காதே. இப்போதே புறப்படு.

உன் அக்காள்
அலர்மேல்மங்கை